திரை கட்டிய திடல்: கெடா தோட்டப்புறப் படக்காட்சியின் வரலாறு

கெடா மாநிலத் தோட்டங்களில் தமிழர்கள் எழுப்பிய பொது நிறுவனங்களை எண்ணும்போது கோயிலைச் சொல்கிறோம், தமிழ்ப்பள்ளியைச் சொல்கிறோம், தொழிற்சங்கத்தைச் சொல்கிறோம். இரண்டு கம்பம் நட்டு, வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டிய திடலை அந்த வரிசையில் யாரும் சேர்ப்பதில்லை. அதற்குப் பதிவு எண் இல்லை, தலைவர் செயலாளர் பட்டியல் இல்லை, பெயர்ப் பலகைகூட இல்லை. ஆனாலும் பல பத்தாண்டுகள் லயத்து (தொழிலாளர் வரிசை வீடுகளின்) மக்கள் அனைவரையும் ஓரிடத்தில் கூட்டி உட்கார வைத்த நிறுவனம் அது. திடலில் மீண்டும் திரை கட்டும் இவ்விழாவுக்கான மலரில் அதன் வரலாற்றை முறையாக எழுதி வைப்பது நம் கடமை.

ராஜேந்திர சோழனின் கடற்படை 1025-இல் கடாரம் வந்த செய்தியிலிருந்து தொடங்குவது நம் மேடைகளின் வழக்கம். இந்த வரலாறு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. 1909-ஆம் ஆண்டு ஆங்கில-சயாம் ஒப்பந்தத்தின்படி கெடா பிரிட்டிஷ் ஆதிக்கத்தின் கீழ் வந்தது. அதன்பின் கூலிம், பாடாங் செராய், சுங்கை பட்டாணி, பீடோங், குரூண் எனத் தெற்கிலிருந்து வடக்காக ரப்பர்த் தோட்டங்கள் பெருகின. கங்காணிகள் தஞ்சை, திருச்சி, சேலம், வட ஆற்காடு மாவட்டங்களிலிருந்து ஆள் கூட்டி வந்தார்கள். விடியுமுன் பெரட்டு என்னும் ஆள்கணக்கு, பகலெல்லாம் பால்வெட்டு, மாலையில் கள்ளுக்கடை என்று அமைந்த வாழ்க்கை அது. அதற்குள்ளும் நம் முன்னோர் கலையை விட்டுவிடவில்லை. காமன் கூத்தும் பஜனையும் அரிச்சந்திரன் நாடகமும் கப்பலேறி அவர்களோடு வந்தன. கோயில் முன்னால் விளக்கேற்றி விடிய விடிய நடந்த அந்தக் கூத்துகளே பிற்காலத் திடல் படங்களுக்கு இடத்தையும் கூட்டத்தையும் உருவாக்கிக் கொடுத்தன. படம் வருவதற்கு முன்பே பார்வையாளர் தயாராக இருந்தார்கள் என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும்.

தாயகத்தில் ஊர் ஊராகப் படம் காட்டும் தொழிலுக்கு வித்திட்டவர் சாமிக்கண்ணு வின்சென்ட். திருச்சியில் ரயில்வே ஊழியராக இருந்த அவர், 1905-இல் ஒரு பிரெஞ்சுக்காரரிடமிருந்து படக்கருவியை விலைக்கு வாங்கி, கூடாரம் அடித்துப் படம் காட்டத் தொடங்கினார். கோயம்புத்தூரில் அவர் எழுப்பிய வெரைட்டி ஹால் தென்னகத்தின் முன்னோடித் திரையரங்குகளில் ஒன்று. மலாயாவில் அதே வழியைப் பெரிய அளவில் நடத்திக் காட்டியவர்கள் ஷா சகோதரர்கள். 1920-களில் சிங்கப்பூருக்கு வந்த ரன்மி ஷாவும், அவருக்குப் பின் வந்த தம்பி ரன் ரன் ஷாவும் கருவியை வண்டியிலேற்றி மலாயாவின் சிற்றூர்களுக்குச் சென்றார்கள். நிலையான கொட்டகை எழும்பாத இடத்தில் படத்தைக் கொண்டுபோய்க் காட்டும் முறை இப்படித்தான் இந்த நாட்டில் வேரூன்றியது. நம் திடலின் நிறுவனர்களைச் சொல்லென்றால், வின்சென்ட் பெயரையும் ஷா சகோதரர் பெயரையும் சொல்லி, அவர்களுக்கு முன்வரிசையில் கம்பம் நட்ட தோட்டத் தொழிலாளியையும் நிறுத்துவேன்.

1930-கள் வறுமையோடு பிறந்தன. உலகப் பெருமந்தத்தில் ரப்பர் விலை சரிந்து, ஆயிரமாயிரம் தொழிலாளர்கள் இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். மிஞ்சியவர்களின் கூலி குறைக்கப்பட்டது. அதே காலத்தில்தான், 1931 அக்டோபரில், எச்.எம்.ரெட்டி இயக்கிய ‘காளிதாஸ்’ வெளிவந்து தமிழ்ப்படம் பேசத் தொடங்கியது. டி.பி.ராஜலட்சுமி, பின்னர் தியாகராஜ பாகவதர் ஆகியோரின் குரல்கள் இசைத்தட்டு வழியாகவும் கடல் கடந்தன. சுங்கை பட்டாணியின் மணிக்கூண்டு 1936-இல் எழுந்தது. பட்டணம் வளர வளர அங்கே படம் பார்க்கப் போவது தோட்டத்துக்குப் பெருநாளாயிற்று. கிராணியும் தண்டலும் முதலில் போனார்கள், லாரி கிடைத்த நாளில் பால்வெட்டுக்காரரும் போனார்கள். 1938-இல் இந்திய அரசு, உதவி பெற்று வரும் தொழிலாளர் குடியேற்றத்தை நிறுத்தியது. அதன்பின் தோட்டத்தில் இருந்தவர்கள் இங்கேயே பிறந்து வளர்ந்த மக்களாக மெல்ல மெல்ல மாறினார்கள். ஊர்ச் செய்தி கடிதத்தில் வந்தது. ஊரின் முகமோ படத்தில் மட்டுமே வந்தது.

போர் எல்லாவற்றையும் நிறுத்தியது. 1941 டிசம்பரில் ஜித்ராவில் பிரிட்டிஷ் அரண் உடைந்தது. சில நாட்களில் கெடா முழுவதும் ஜப்பானியர் கைக்குப் போயிற்று. 1943-இல் அவர்கள் மாநிலத்தைச் சயாமிடம் ஒப்படைத்தார்கள். ஆனால் நம் மக்களுக்கு அந்த ஆண்டுகளின் பெயர் ஒன்றுதான்: சயாம் மரண ரயில். 415 கிலோமீட்டர் பாதை போடுவதற்காகத் தோட்டங்களிலிருந்து ஆண்களை வண்டி வண்டியாக ஏற்றிப் போனார்கள். காலராவிலும் பசியிலும் காட்டிலேயே புதைந்தவர்கள் பல்லாயிரம் பேர். ஒவ்வொரு லயத்திலும் ஒருவராவது திரும்பாமல் போனார் என்பது பல தோட்டங்களின் பொதுக் கதை. சுங்கை பட்டாணி எழுத்தாளர் கோ.புண்ணியவான் ‘கையறு’ நாவலில் அந்தத் துயரத்தைப் பதிவு செய்திருக்கிறார். திடல் இருந்தது, கம்பம் நட ஆளில்லை.

திரும்பி வந்தவர்கள் பழையபடி இருக்கச் சம்மதிக்கவில்லை. கெடா தோட்டங்களின் வரலாற்றில் மிகவும் பெருமைக்குரிய அத்தியாயம் இங்கே தொடங்குகிறது. பீடோங் வட்டாரத்தின் ஹார்வார்டு தோட்டத்தில் ஏ.எம்.சாமி தொண்டர் படையை அமைத்தார். குடியை விடுவது, லயத்தைத் தூய்மையாக வைப்பது, சம்பளத்தையும் மரியாதையையும் கேட்டுப் பெறுவது ஆகியவை அப்படையின் வேலைகள். இளைஞர்கள் சீருடை அணிந்து அணிவகுத்தார்கள். கள்ளுக்கடைக்கு முன் மறியல் செய்தார்கள். 1947 பிப்ரவரி, மார்ச் மாதங்களில் பீடோங்கில் காவல்துறை அவர்களை அடித்து நொறுக்கியது. ஏ.எம்.சாமி சிறை சென்றார். ஏப்ரலில் கூலிம் பக்கத்து டப்ளின் தோட்டத்தில் துப்பாக்கிச் சூடு நடந்தது. உயிர்களைக் கொடுத்துத் தொண்டர் படை எழுப்பிய கேள்வி இது: மாலை நேரத்தைக் கள்ளுக்கடையிடமிருந்து மீட்டால், அதை எதற்குக் கொடுப்பது? படை கலைக்கப்பட்டது, கேள்வி நிலைத்தது. அடுத்து வந்த இருபது ஆண்டுகளில் படிப்பகமும் நாடக மன்றமும் பந்து விளையாட்டும் திடல் படமும் அந்த மாலையை நிரப்பின. இவற்றைப் பொழுதுபோக்கு என்று ஒதுக்குகிறவர்கள் 1947-ஐ மறந்துவிட்டவர்கள்.

மலாயா திரைப்படப் பிரிவு 1946-இல் நிறுவப்பட்டது. 1948-இல் அவசரகாலம் பிறந்தபின், தகவல் துறையின் வண்டிகள் ஒலிபெருக்கியும் படக்கருவியும் மின்னாக்கியும் தாங்கி உட்புறத் தோட்டங்கள் வரை வந்தன. காட்டியவை பெரும்பாலும் அரசாங்கச் செய்திப்படங்கள். தமிழ் விளக்க உரையோடும் வந்தன. ஊரடங்கும் சோதனையும் நிலவிய நாட்களில், கூடி உட்கார அனுமதி கிடைத்த இடம் அந்தத் திரைக்கு முன்தான். வண்டி போனபின் மக்கள் கற்றுக்கொண்ட பாடம் ஒன்றுண்டு: படம் காட்டப் பெரிய கட்டடம் தேவையில்லை, 16 மில்லிமீட்டர்க் கருவி, ஒரு மின்னாக்கி, வெள்ளைத் துணி, இரண்டு கம்பம் போதும்.

அந்தப் பத்தாண்டில் திரைக்கு வந்த படங்களும் சாதாரணமானவை அல்ல. ஜெமினியின் ‘சந்திரலேகா’ 1948-இல் முரசு நடனத்தால் மயக்கியது. 1952 தீபாவளிக்கு வெளிவந்த ‘பராசக்தி’ தோட்டங்களில் பிடித்த பிடியை அறியக் காரணம் தேட வேண்டியதில்லை. ரங்கூனில் பிழைக்கப்போன தமிழ்க் குடும்பம், போரில் சிதறும் உறவுகள், ஊர் திரும்பியவனுக்குக் கிடைக்கும் அவமானம் எல்லாம் நம் மக்கள் தங்கள் கண்ணால் கண்டவை. சிவாஜி கணேசன் அறிமுகமான அந்தப் படத்தின் கலைஞர் மு.கருணாநிதி வசனங்களைப் பால்வெட்டும் இளைஞர்கள் மனப்பாடமாக ஒப்பித்தார்கள். பள்ளிக்கூடத்தில் படிப்பு நின்றவர்களுக்கு நல்ல தமிழ் அந்த வசனத்தால் வந்தது. எழுத்தறியாத பெண்களும் அடுக்குமொழி பேசினார்கள். தோட்டத்தில் தமிழை வளர்த்தவர்கள் பட்டியலில் ஆசிரியருக்கு அடுத்த இடம் திரைக்கு உண்டு என்று துணிந்து எழுதுகிறேன். 1954-இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் பி.பி.நாராயணன் தலைமையில் ஒன்றுபட்டு உருவானதும், அலோர் ஸ்டாரில் பிறந்த துங்கு அப்துல் ரஹ்மான் 1957-இல் நாட்டின் முதல் பிரதமரானதும் அதே பத்தாண்டின் நிகழ்ச்சிகள்.

1960-கள் திடலின் பொற்காலம். சம்பளம் போட்ட வாரத்திலோ மாரியம்மன் திருவிழாவிலோ படம் வரும். சில தோட்டங்களில் நிர்வாகம் செலவை ஏற்றது, வேறு சிலவற்றில் லயத்துக்கு லயம் காசு தண்டினார்கள். திருவிழாவுக்குக் கணக்கு எழுதிய கோயில் கமிட்டியே படத்துக்கும் கணக்கு எழுதியது. செய்தி காலையிலேயே பெரட்டுக் களத்தில் பரவிவிடும். அன்று மாலை அடுப்பு சீக்கிரம் பற்றும், பிள்ளைகள் சாயுங்காலமே பாய் விரித்து இடம் பிடிப்பார்கள். பக்கத்துத் தோட்டத்தார் சைக்கிளிலும் நடந்தும் வருவார்கள். கச்சானும் கடலையும் விற்கிற சீனத்துக் கிழவரும், சுற்றுக் கிராமங்களிலிருந்து மலாய்க் குடும்பங்களும் வந்து அமர்வார்கள். இருட்டியபின் மெஷின்காரர் விளக்கைப் போடுவார். மின்னாக்கியின் இரைச்சல் வசனத்தை விழுங்காதிருக்க அதைத் தூரத்தில், மரத்துக்குப் பின்னால் வைப்பார்கள். ஒரு பெரிய சுருள் முக்கால் மணி நேரத்துக்கும் சற்றுக் குறைவாக ஓடும். மூன்று மணி நேரப் படத்துக்கு நான்கு சுருள், கருவியோ ஒன்றுதான். ஆகவே சுருள் மாற்றும் வேளையில் திடல் முழுவதும் பேச்சு எழும். கதை இனி எப்படிப் போகும் என்று வாதம் நடக்கும், குழந்தைக்குப் பால் கொடுக்கப்படும், கல்யாணப் பேச்சும் ஆரம்பமாகும். பட்டணத்துக் கொட்டகையில் இந்த இடைவேளைகள் கிடையா.

திரைக்குப் பின்பக்கமும் கூட்டம் உட்காரும். அங்கிருந்து பார்த்தால் எழுத்துகள் இடவலம் மாறும், எம்.ஜி.ஆர். இடது கையில் வாள் சுழற்றுவார். இடம் கிடைக்காதவர்களுக்கென்று யாரும் ஒதுக்கிய இடமன்று அது. காற்றோட்டத்துக்காகவும், பெரியவர்களின் பார்வையிலிருந்து விலகி இருக்கவும் இளைஞர்கள் தேடிப் போன இடம். மழை வந்தால் துணியை அவிழ்க்காமல் கருவியை மட்டும் மூடிவிட்டுக் காத்திருப்பார்கள். நின்றதும் நனைந்த பாயிலேயே உட்கார்ந்து மிச்சத்தைப் பார்ப்பார்கள். ‘நாடோடி மன்னன்’, ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’, ‘பாசமலர்’, ‘எங்க வீட்டுப் பிள்ளை’ எல்லாம் இப்படிப் பார்க்கப்பட்டவை. மறுநாள் வெட்டுக்காட்டில், ஒரு நிரையிலிருந்து அடுத்த நிரைக்குப் பாட்டு தாவிப் போகும்.

நம் மாநிலத்தின் கதைகளும் இந்தியர் கைகளால் திரையேறின என்பது மலரில் இடம்பெற வேண்டிய செய்தி. துங்கு எழுதிய ‘ராஜா பெர்சியோங்’, பூஜாங் பள்ளத்தாக்கோடு சேர்த்துச் சொல்லப்படும் கோரைப்பல் அரசன் கதை. 1963-இல் கேத்தே-கெரிஸ் நிறுவனத்துக்காக அதை இயக்கியவர் கே.எம்.பாஸ்கர். சென்னையில் பிறந்து சிறுவயதில் பினாங்கு வந்த எல்.கிருஷ்ணன்தான், 1950-இல் ‘பக்தி’ படத்தில் மலாய் நடிகர் பி.ரம்லியை முதன்முறை கதாநாயகனாக்கினார். மலாய்த் திரையின் தொடக்க ஆண்டுகளில் நம்மவர் இட்ட உழைப்பு அத்தகையது.

1960-களில் கெடா இன்னொரு முன்னோடி முயற்சிக்கும் களமானது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்ட நேரத்தில், துன் வீ.தி.சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். மாதம் பத்து வெள்ளி கட்டித் தொழிலாளர்களே தோட்டத்துக்குப் பங்குதாரர்கள் ஆனார்கள். சங்கம் முதலில் வாங்கிய தோட்டம் கெடாவின் புக்கிட் சிடிம். பத்து வெள்ளி சேர்த்து நிலம் வாங்கியவர்களும், காசு தண்டிப் படம் வரவழைத்தவர்களும் ஒரே மக்கள். அந்தக் கைப்பழக்கம் திடலிலும் கோயிலிலும் முன்பே பழகியது.

1969-க்குப் பிந்தைய ஆண்டுகள் கடினமானவை. குடியுரிமை இல்லாத சிவப்பு அடையாளக் கார்டுக்காரர்களுக்கு வேலை அனுமதிச் சீட்டு கட்டாயமானது. பல்லாயிரம் பேர் கண்ணீரோடு கப்பலேறினார்கள். ஒரு வீட்டிலேயே தந்தை அங்கும் பிள்ளைகள் இங்குமாகப் பிரிந்தார்கள். இருந்தவர்கள் தாங்கினார்கள். 1963 இறுதியில் தொடங்கிய தொலைக்காட்சி எழுபதுகளில் கிளப்புக்கும் கிராணி வீட்டுக்கும் வந்து, வாரம் ஒரு தமிழ்ப்படத்துக்காக ஐம்பது பேரைச் சன்னலோரம் நிறுத்தியது. எண்பதுகளில் வீடியோ வந்தபோது திடலின் கம்பங்கள் சாய்ந்தன. பட்டணத்துக் கொட்டகைகளும் ஒவ்வொன்றாகக் கதவடைத்தன. நாடெங்கும் அவற்றில் சில கிடங்குகளாயின, சில தளவாடக் கடைகளாயின, சிலவற்றின் மாடியில் கூட்டுக்காகப் பறவை வளர்த்தார்கள். 1996-இல் அஸ்ட்ரோ செயற்கைக்கோள் தொலைக்காட்சி வந்து தமிழ்ப்படம் வீட்டுக்குள் நுழைந்தது. அதே ஆண்டு கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்கா திறக்கப்பட்டது. மரம் நின்ற இடங்களில் ஆலையும் தாமான் என்னும் குடியிருப்பும் எழுந்தன. லயத்தில் அடுத்தடுத்து வாழ்ந்தவர்கள் வெவ்வேறு தாமான்களுக்குப் பிரிந்து போனார்கள். பிள்ளைகள் படித்து முன்னேறினார்கள். 2001-இல் ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் தொடங்கி, பீடோங் பக்கத்துச் செமிலிங்கில் இடங்கொண்டது, தொண்டர் படை நடந்த அதே வட்டாரத்தில்.

புதிய நூற்றாண்டில் தோட்டமே திரைக்கு ஏறியது. தீபக் குமரன் மேனன் 2005-இல் எடுத்த ‘செம்மண் சாலை’ அறுபதுகளின் தோட்டத்துப் பெண்ணின் படிப்பாசையைச் சொன்னது. ஷான்ஜெய் குமார் பெருமாளின் ‘ஜகாட்’ 2015-இல் வந்து, மறு ஆண்டு மலேசியத் திரைப்பட விழாவில் நாட்டின் சிறந்த படமாகத் தேர்வானது. தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பத்துச் சிறுவனின் கதை அது. எழுத்தில் இந்த வேலையை முன்பே தொடங்கியவர்கள் நம் மாநிலத்தார். ‘மண்புழுக்கள்’ எழுதிய சீ.முத்துசாமிக்கு 2017-இல் தமிழ்நாட்டின் விஷ்ணுபுரம் விருது கிடைத்தது கெடாவுக்கே கிடைத்த சிறப்பு.

பழைய கொட்டகைகளைக் காப்பாற்றும் முயற்சிகளும் நாட்டில் பிறந்தன. கோலாலம்பூரில் 1920-களின் வாசலில் எழுந்த கொலிசியம் அரங்கைப் பண்பாட்டு மையமாக்க 2006-இல் அரசு முயன்றது. அது படக்கொட்டகையாகவே இருக்க வேண்டும் என்று மக்கள் குரல் எழுப்பினார்கள். பின்னர் லோட்டஸ் குழுமத்தார் அங்கே தமிழ்ப்படங்களைத் தொடர்ந்து திரையிட்டார்கள். அதே நகரில் ஜாலான் சுல்தானிலுள்ள ரெக்ஸ் அரங்கு 1947-இல் கட்டப்பட்டு, தீ விபத்துக்கும் உள்ளாகி, 2002-இல் மூடப்பட்டது. பல ஆண்டு கழித்து நூற்கடையும் நிகழ்ச்சி மேடையும் உணவுக்கடையுமாக, ரெக்ஸ்கேஎல் என்ற பெயரில் மக்கள் கூடும் இடமாயிற்று. கட்டடத்தை இடிக்காமல், பழைய பெயரையும் விடாமல் செய்த வேலை அது. நம் முயற்சிக்கு அவர்கள் முன்னால் நடந்தவர்கள். நமக்கோ இடிக்காமல் காக்கக் கட்டடமே இல்லை. மீட்பது திடல், துணி, கூட்டம் ஆகிய மூன்றைத்தான்.

அதனால் செலவு குறைவு, பொறுப்போ அதிகம். இப்போது படத்துக்குப் பெட்டி தூக்கி வர வேண்டாம், கையளவு கருவி போதும். இரைச்சலில்லாத மின்கலமும் உண்டு. உரிமம் பெற்றுப் படம் காட்டுவது, திரைக்கு முன்னால் பாய்க்கும் பின்வரிசையில் நாற்காலிக்கும் இடம் பிரிப்பது, முதியோருக்கு வண்டி ஏற்பாடு செய்வது, மழைக்குக் கோயில் மண்டபத்தைத் திறந்து வைப்பது எல்லாம் இளைஞர் பொறுப்பு. முதல் காட்சிக்கு 1960-க்கு முந்திய படம் ஒன்றும், அடுத்த காட்சிக்கு மலேசியத் தமிழ்ப்படம் ஒன்றும் என்று முடிவாகியிருக்கிறது. இரண்டையும் அடுத்தடுத்துப் பார்க்கும் பேரப்பிள்ளைகள், பாட்டி எந்தத் தோட்டம், எந்த லயம் என்று கேட்பார்கள் என்பது என் உறுதியான நம்பிக்கை.

இன்னொரு வேலை பெரியவர்களிடம் இருக்கிறது. கோயில் கமிட்டியின் பழைய கணக்கேடுகளில் படத்துக்குத் தண்டிய காசு எழுதப்பட்டிருக்கும். கொட்டகை நோட்டீஸ், பாட்டுப் புத்தகம், திருவிழாப் படங்கள், தமிழ் நேசன் நாளிதழிலிருந்து வெட்டி வைத்த விளம்பரங்கள் ஆகியவை இரும்புப் பெட்டிகளில் கிடக்கும். அவற்றைப் பள்ளி நூலகத்துக்குக் கொண்டுவந்து கொடுத்தால் படியெடுத்துவிட்டு மூலத்தைத் திருப்பித் தருவோம். கம்பம் நட்டவர், காசு தண்டியவர், மெஷின் ஓட்டியவர், அவர்களுக்குச் சோறு போட்ட வீட்டுக்காரம்மா ஆகியோரின் பெயர்களைத் தோட்டம் வாரியாக எழுதித் தர வேண்டும். அடுத்த மலரின் முதல் பக்கங்கள் அந்தப் பெயர்களுக்காக ஒதுக்கப்பட்டிருக்கின்றன.